பஞ்சாலை கழிக்காத பல்லி

பஞ்சாலை தன் கண்ணால் ஒரு செம்பனைக் கன்றைப் பார்த்து "இது தேறாது" என்று சொல்லிவிட்டால் அது தேறாது. ரெம்பாவ் பக்கம் அவள் வேலை செய்யும் தோட்டத்தில் மேனேஜரிலிருந்து லாரிக்காரர் வரை யாரும் அதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை.

எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றுப் பண்ணையில் இருபத்து மூன்று வருடமாக அவளுக்குக் கழிக்கும் வேலை. கறுப்புப் பைகளில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் கன்றுகளுக்கு நடுவே, இடது கையில் சிவப்புச் சாய டப்பாவோடு நடந்து போவாள். குருத்து முறுக்கியது, இலை விரியாதது, பக்கத்துக் கன்றெல்லாம் நிமிர்ந்த பிறகும் குந்திக்கொண்டே இருப்பது என்று ஒவ்வொன்றும் கண்ணில் பட்டுக்கொண்டே வரும். நின்று யோசிப்பதெல்லாம் கிடையாது. நடந்தபடியே பையின்மேல் ஒரு கோடு இழுப்பாள். பின்னால் வருகிறவர் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுவார். கழித்த கன்றை இரக்கப்பட்டு யாராவது எங்காவது நட்டுவிட்டால், அது காய்க்காமலே இருபது வருடம் நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்காகத்தான் அந்த வெட்டு.

"பஞ்சாலக்கா கோடு போட்டா எமன் கையெழுத்து போட்ட மாதிரிலா," என்பார் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் மணியம். அவள் சிரிக்கமாட்டாள். ஆனால் உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பெருமைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபத்து வந்தது. லோபாக்கில், தங்கை மோகனாவின் வீட்டு ஸ்டோரில்.

கோயில் சமையலுக்குப் பெரிய அண்டா கேட்டிருந்தார்கள். அதை எடுக்கப் பஞ்சாலையும் அவள் கணவர் அர்ச்சுனனும் காரில் போயிருந்தார்கள். அர்ச்சுனன் தோட்டத்துச் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லாரி ஓட்டுகிறவர். விடுமுறை நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டதே பெரிய தியாகம் என்று நினைக்கிறவர். அவர் வாசலில் காரை நிறுத்திவிட்டு மோகனா கொடுத்த வடையோடு உட்கார்ந்துகொண்டார். பஞ்சாலை ஸ்டோருக்குள் போய் அண்டாவை நகர்த்தினாள். அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மூடியின்மேல் செய்தித்தாள், செய்தித்தாளின்மேல் ஒரு செங்கல்.

"அத தொடாதக்கா," என்றாள் மோகனா கதவோரம் நின்று.

"உள்ள என்னா?"

"பல்லி."

"பல்லிய எதுக்குடி டப்பாவுல போட்டு செங்கல் வச்சிருக்க? சுவர் பத்தலையா அதுக்கு?"

மோகனா முந்தானை நுனியைத் திருகினாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஆனால் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் எட்டு வயது முகம் வந்துவிடும். கதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

அவள் வீட்டுப் பின்னறையில் ரகுநாத் என்று ஒரு பையன் வாடகைக்கு இருக்கிறான். எண்ணெய் ஆலைகளில் சாரம் கட்டுகிற வேலை. ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் காலத்தில் எங்கே கூப்பிடுகிறார்களோ அங்கே போவான். இந்த முறை கடல் தாண்டிச் சரவாக்கில், பிந்துலுவுக்கு. நான்கு மாதம். போகும்போது இந்தப் பல்லியை மோகனாவிடம் ஒப்படைத்திருக்கிறான். சாதாரணப் பல்லி இல்லை, வெளிநாட்டு வகை. உடம்பெல்லாம் சிறுத்தைபோலப் புள்ளி. அதோடு ஒரு கூடை உயிருள்ள சிள்வண்டு, சூடு தரும் ஒரு விரிப்பு, ஒரு டப்பா வெள்ளைப் பொடி, எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு தாள்.

"தாளு எங்க?"

"சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா வச்சிருக்கேன். இங்கிலீஷ்க்கா. எனக்கு எங்க தெரியும்."

சிள்வண்டுகள் முதல் நாளே கூடையிலிருந்து தப்பி அடுப்படியில் கத்தியிருக்கின்றன. மோகனா கரப்பான் மருந்து அடித்துவிட்டாள். விரிப்பு இரவெல்லாம் கரண்டில் இருந்தால் வீடு தீப்பிடிக்கும் என்று பிடுங்கிவிட்டாள். வெள்ளைப் பொடி எறும்பு மருந்தாகத்தான் இருக்கும் என்று பெட்டியைச் சுற்றி வட்டமாகத் தூவிவிட்டாள்.

"அப்ப சாப்பாடு?"

"சோறு. அப்புறம் கெட்டிப் பால்."

"பல்லிக்கு?"

"ஏன்க்கா, நம்ம வீட்டு பல்லி எல்லாம் தேத்தண்ணி கிளாஸ நக்கலையா? சோத்துப் பருக்கைய தூக்கிட்டு ஓடலையா? அதுங்க நல்லாத்தான இருக்கு." சொல்லிவிட்டு மோகனா குரலைத் தாழ்த்தினாள். "பெட்டி ஓரத்து ஓட்ட வழியா போடுறேன். மூடிய தொறக்கல. மேல விழுந்துச்சுன்னா?"

அதுதான் விஷயம். பல்லி மேலே விழுந்தால் தலை முழுகி, விளக்கேற்றி, தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் எந்த இடத்தில் விழுந்தால் என்ன பலன் என்று பார்க்காமல் மோகனா தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அந்தப் பயத்தில் ஒன்பது வாரம் அந்த மூடி திறக்கவில்லை.

"அவன் போன் பண்றானா?"

"வாரா வாரம்."

"என்னா சொல்ற?"

"நல்லா இருக்கு, நல்லா சாப்புடுதுன்னு. படம் கேட்டான். கேமரா கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

"எப்ப வரான்?"

"ஏழு வாரம் இருக்கு."

பஞ்சாலை செங்கலை எடுத்துக் கீழே வைத்தாள். மூடியைத் திறந்தாள்.

ஒரு சாண் நீளத்தில் ஏதோ கிடந்தது. உரிந்து விழ வேண்டிய பழைய தோல், நனைந்து காய்ந்த செய்தித்தாள்போல உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணும் அந்தத் தோலுக்கு அடியில் அடைபட்டிருந்தன. வால் ஈர்க்குச்சி. முன்னங்கால்கள் முழங்கையில் வளைந்து வெளிப்பக்கம் கிடந்தன. வாயோரம் காய்ந்த பாலில் இரண்டு எறும்பு.

பஞ்சாலையின் வலது கை அவளைக் கேட்காமலே காற்றில் ஒரு கோடு போட்டது.

போட்ட கையை அவளே பார்த்தாள். பிறகு ஒரு விரலை உள்ளே விட்டு எறும்புகளைத் தட்டிவிட்டாள். விரலின் சூடு பட்டதும் அந்த ஜந்து தலையை அரை அங்குலம் தூக்கி, தாடையை அவள் விரல்மேல் வைத்தது. வைத்தபடியே கிடந்தது. கன்றுகள் எதுவும் அப்படிச் செய்ததில்லை. பஞ்சாலை விரலை எடுக்கவில்லை.

"அக்கா, மொதல்ல போயி தலைக்கு ஊத்து."

"நீ போயி அந்த தாள எடு. ஏங்க, வடைய கீழ வைங்க. வண்டிய எடுங்க."

அண்டா மோகனா வீட்டிலேயே நின்றுவிட்டது. கோயிலில் அந்த வாரம் இரண்டு சின்ன அண்டாவில் பொங்கினார்கள்.

சிரம்பானில் ஞாயிறு மதியம்வரை திறந்திருக்கும் ஒரு மிருக வைத்தியசாலைக்கு அர்ச்சுனன் வழி கேட்டுக் கேட்டு ஓட்டினார். பூனைகளுக்கும் நாய்களுக்கும் நடுவே பஞ்சாலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். சின்ன வயது. பல்லியை எடுத்து ஒரு குட்டித் தராசில் வைத்தார். பத்தொன்பது கிராம். ஐம்பதுக்குமேல் இருக்க வேண்டும் என்றார். இதற்கு வால்தான் உணவுக் கிடங்கு. பெருவிரல் தடிமனுக்கு இருக்க வேண்டிய வால் இப்படி ஆகியிருக்கிறது. சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு இளகிவிட்டது. இடது முன்னங்காலில் பழைய தோல் நூல்போல இறுக்கி மூன்று விரல் செத்துவிட்டது. மோகனா எறும்புக்குத் தூவிய வெள்ளைப் பொடி அந்தச் சுண்ணாம்புச் சத்துதான்.

"பத்து நாள்," என்றார் டாக்டர். பத்து நாளுக்குள் தானாக ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்றுவிட்டால் பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் என்று நிறுத்தி, கையை லேசாக அசைத்தார்.

அந்தக் கையசைப்பு பஞ்சாலைக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடைய கையசைப்புத்தான். சாய டப்பா மட்டும் இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள். பெடாஸ் தாண்டியபோது அர்ச்சுனன் கேட்டார். "நீ என்னா சொல்ற? உன் கண்ணு என்னா சொல்லுது?"

"தேறாதுன்னு சொல்லுது."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம்?"

"ஒரு தடவ பொய்யாப் போகட்டுமே," என்றாள் பஞ்சாலை. சொன்ன பிறகுதான் அந்த ஆசை எவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரிந்தது.

வீட்டில் அதற்கு அடுப்படி மூலையில் இடம். கரண்ட் விரிப்புக்குமேல் பெட்டி, பெட்டிக்குள் ஈரத்துணி போட்ட ஒரு ஐஸ்கிரீம் டப்பா, அதுதான் படுக்கையறை. தானாக எதுவும் செய்யாமல், வெதுவெதுப்பில் படுத்துக்கொண்டு, சுற்றியிருக்கிறவர்களை ஓட ஓட வேலை வாங்கியதால் அர்ச்சுனன் அதற்குத் 'தொரை' என்று பேர் வைத்தார். தோட்டத்தில் மேனேஜருக்கு இன்றும் அந்தப் பேர்தான்.

டாக்டர் சொன்னதைப் பஞ்சாலை தனக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொண்டாள். லாரியில் வாடி வந்த கன்றுக்கு எடுத்தவுடன் வாளித் தண்ணீரை ஊற்றினால் வேர் அழுகிவிடும். முதலில் நிழல் வலை. பிறகு ஈரம். அதற்குப் பிறகுதான் தண்ணீர், அதுவும் அளந்து. தொரைக்கும் அப்படித்தான். காலையில் பெரட்டுக்குப் போவதற்கு முன், பேர் கூப்பிட மணியம் புத்தகத்தைத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், மணிக்கட்டில் விட்டுப் பார்த்த வெதுவெதுப்பான தண்ணீரில் கால் நனையும் அளவுக்குக் கால் மணி நேரம். பிறகு டாக்டர் கொடுத்த திரவ உணவில் ஒரு சொட்டு, உதட்டின்மேல். வாயைத் திறக்க வைக்கக் கூடாது. அதுவாக நாக்கை நீட்டும்வரை காத்திருக்க வேண்டும். முதல் நாள் ஒரு சொட்டை நக்கி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் பஞ்சாலை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் அது தண்ணீரிலிருந்து நழுவி அவள் மணிக்கட்டில் ஏறியது. அர்ச்சுனன் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"மணிக்கட்டு. இரு, பாக்குறேன். மணிக்கட்டு, பீடை."

"அது உங்கள கட்டுனப்பவே வந்துருச்சு. காலண்டர மாட்டுங்க."

நாலாம் நாள் செத்த மூன்று விரல்களும் தண்ணீரில் உதிர்ந்து மிதந்தன, கடுகு அளவுக்கு. ரத்தம் இல்லை. உதிரத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் பஞ்சாலை அவற்றைக் குப்பையில் போடாமல் செம்பருத்திச் செடியடியில் புதைத்துவிட்டு வந்தாள். அர்ச்சுனன் பார்த்தார், கேலி செய்ய வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

ஆறாம் நாள் காலை. வலது கண்ணின்மேல் இருந்த தோலின் ஓரம் ஒரு நூலளவு எழும்பியிருந்தது. இழுக்கக் கூடாது, இழுத்தால் கண்ணே வந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக, ஈரத்தால் மட்டும் தள்ளினாள். ஒரு தடவை. ஐந்து தடவை. பன்னிரண்டாவது தடவை வெங்காயச் சருகு மாதிரி அது உருண்டு வந்து குச்சியில் ஒட்டிக்கொண்டது.

அடியில் ஒரு கண். சாம்பல் நிறத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடிய கண். நடுவில் நிமிர்ந்த பாவை. அது பஞ்சாலையைப் பார்த்தது. பிறகு மெதுவாக, நிதானமாக, இமையை மூடித் திறந்தது.

"ஏங்க, இங்க வாங்க. சீக்கிரம்."

அர்ச்சுனன் வாயில் பிரஷோடு ஓடி வந்தார்.

"கண்ண மூடி மூடி தொறக்குது பாருங்க."

"பல்லிக்கு ஏது இமை?"

"பாருங்கன்றேன்."

பார்த்தார். பற்பசை நுரை தாடியில் வழிய, சுவரில் ட்யூப் லைட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டுப் பல்லியைப் போய்ப் பார்த்தார். அது இமைக்கவில்லை. திரும்பி வந்து தொரையைப் பார்த்தார். தொரை அவருக்கும் ஒரு தடவை இமைத்தார். ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒரு பல்லி தன்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டது என்று அன்று ஆலையில் எடை போடுகிறவர் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று பஞ்சாலை பெரட்டுக்குப் பிந்திவிட்டாள். இருபத்து மூன்று வருடத்தில் அவள் பேருக்கு நேராக மணியம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"என்னாக்கா, வீட்டுல யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"தொரைக்கு. கண்ணு தொறந்துருச்சு."

மணியம் தொப்பியைக் கழற்றிவிட்டார். மேனேஜருக்கு என்ன ஆயிற்று என்று அவர் ஆபீஸ் பக்கம் ஓட ஆரம்பிக்க, பாதி வழியில் அவரை நிறுத்திப் பஞ்சாலை விளக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பண்ணையில் ஒவ்வொரு காலையும் அதே கேள்விதான். தொரை சாப்பிட்டாரா?

சாப்பிடவில்லை. அதுதான் கவலை. இடது கண்ணும் எட்டாம் நாள் திறந்துவிட்டது. சொட்டை இப்போது மூன்று நிமிடத்தில் நக்கினார். ஆனால் ரெம்பாவில் பாட்டுப் பறவை வளர்க்கிறவர்கள் தீனி வாங்கும் கடையிலிருந்து அர்ச்சுனன் வாங்கி வந்த சிள்வண்டுகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிள்வண்டு முதுகின்மேல் ஏறி நடந்தால் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பதாம் நாளும் அப்படியே போனது.

பத்தாம் நாள் சாயங்காலம் பஞ்சாலை வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் வேலைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அர்ச்சுனனின் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. வழக்கமாக லாரியிலிருந்து இறங்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். அன்று கதவு படார் என்று சாத்தியது, செருப்புச் சத்தம் அடுப்படிவரை ஓடியது. கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"பஞ்சாலை, வா, வா. தொரை வேட்டைக்குக் கெளம்பிட்டாரு."

ஈரக் கையோடு ஓடினாள். பெட்டிக்குள் ஒரு வெட்டுக்கிளி, பச்சை, கொழுத்தது. தொரை எழுந்து நின்றிருந்தார். வயிறு தரையில் படாமல், வளைந்த நாலு காலிலும், முதல் தடவையாக. கழுத்து நீண்டிருந்தது. ஈர்க்குச்சி வாலின் நுனி மட்டும் படபடவென்று துடித்தது. பஞ்சாலை அர்ச்சுனனின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. பாய்ந்தார். கவ்விவிட்டார்.

அர்ச்சுனன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார், பந்து கோலுக்குள் போன மாதிரி.

அந்த நொடியில் பஞ்சாலைக்கு வாசனை அடித்தது. மேசைமேல் திறந்து கிடந்த மைலோ டின்னிலிருந்து. அதில் இன்னும் ஏழெட்டு வெட்டுக்கிளிகள் இருந்தன. அந்த வாசனையைத்தான் அவள் இத்தனை நேரம் குழாயடியில் சட்டையிலிருந்து கசக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இத எங்க புடிச்சீங்க?"

"நம்ம நர்சரிலதான். வேலியோரம். லோடு ஏத்துற நேரத்துல சும்மாதான நிக்கிறேன், அங்க பாத்தா அசையாம ஒக்காந்திருக்கு, எடுத்து எடுத்து போட்டேன்."

அசையாமல்தான் உட்கார்ந்திருக்கும். இலை தின்னும் வண்டுக்கு அங்கே மருந்தடித்து முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை. அடித்தவளே அவள்தான்.

இழுத்துப் பிடுங்க முடியாது. தாடை நனைந்த அட்டைமாதிரி இருக்கிறது, இழுத்தால் ஒடிந்துவிடும் என்று டாக்டர் நூறு தடவை சொல்லியிருந்தார். விட்டால் விழுங்கிவிடும். பஞ்சாலை குனிந்து வெட்டுக்கிளியின் வெளியே நீட்டிய காலை இரண்டு விரலால் பிடித்தாள். பிடித்தாளே தவிர இழுக்கவில்லை. தொரை கண்ணை மூடி, முழுப் பலத்தையும் சேர்த்துக் கடித்தார். அந்தப் பலம் பத்தவில்லை. வெட்டுக்கிளியின் ஓடு உடையவில்லை, அப்படியே வழுக்கி, வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது. எந்தத் தாடையை நினைத்துப் பத்து நாளாகப் பயந்தாளோ அந்தத் தாடையின் பலவீனம்தான் அவரைக் காப்பாற்றியது.

ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். டின்னை மூடித் தூரப் போட்டாள். அர்ச்சுனன் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கொன்னுருப்பேன்லா," என்றார். "நானே கொன்னுருப்பேன்."

பஞ்சாலை பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். தொரை படுக்கவில்லை. நாலு காலில் நின்றபடி, போன இரை எங்கே என்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "அதுக்கு பசிக்குது."

சிள்வண்டுக் கூடையை இருவரும் ஒரே நேரத்தில் எடுக்கப் போய் முட்டிக்கொண்டார்கள். பஞ்சாலை நடுத்தரமான ஒன்றைப் பிடித்து, குதிக்கும் கால் இரண்டையும் எடுத்துவிட்டு, வெள்ளைப் பொடியில் புரட்டி உள்ளே விட்டாள். வெள்ளை வேட்டி கட்டியதுபோல அது நடந்தது. தொரை பார்த்தார். வால் நுனி துடித்தது. பாய்ந்தார்.

கடக். சின்னச் சத்தம். மிக்சர் கடிக்கிற மாதிரி. பிறகு இன்னொரு கடக். தொண்டை ஏறி இறங்கியது. தொரை நாக்கை நீட்டி உதட்டை ஒரு பக்கம் துடைத்தார், மறு பக்கம் துடைத்தார், பஞ்சாலையைப் பார்த்து இமைத்தார்.

"பத்து நாள் கணக்குல இன்னைக்கு சேருமா?" என்றார் அர்ச்சுனன் தரையிலிருந்தே.

"சேரும்," என்றாள் பஞ்சாலை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, கடைசியில் விக்கல்தான் வந்தது.

மருந்து ஏதாவது உள்ளே போயிருக்குமா என்பது காலையில் தெரியும் என்று டாக்டர் போனில் சொன்னார். காலையில் பெட்டி மூலையில் ஒரு சின்னக் கறுப்பு உருண்டை, நுனியில் வெள்ளை. ஒரு குறையும் இல்லாத, ஆரோக்கியமான பல்லி எச்சம். பஞ்சாலை அதைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். மோகனாவுக்கும் அனுப்பினாள். மணியத்துக்கும் அனுப்பியிருப்பாள், அர்ச்சுனன்தான் போனை வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஓட்டம்தான். ஒன்று தின்றவர் மூன்று தின்றார், மூன்று ஆறானது. பழைய தோல் முழுதாக உரிந்தபோது அடியில் மஞ்சள் பளபளவென்று வந்தது, அதன்மேல் மை தெளித்ததுபோலப் புள்ளிகள். வால் ஈர்க்குச்சியிலிருந்து பென்சிலாகி, சுண்டுவிரலானது. ஒவ்வொரு ஞாயிறும் சமையல் தராசில் கிண்ணத்தை வைத்துத் தொரையை ஏற்றும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலோரம் நின்றார்கள். இருபத்தாறு. முப்பத்து மூன்று. ஆறாவது ஞாயிறு நாற்பத்து நாலு என்று எண் நின்றதும் யாரோ கைதட்டினார்கள்.

பஞ்சாலை அன்றுதான் காலண்டரில் நாளை எண்ணிப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு ரகுநாத் வருகிறான்.

"நீ சொல்லிட்டியா அவன்கிட்ட?" என்று போனில் கேட்டாள்.

"வந்ததும் சொல்லிக்கலாம்க்கா. இப்ப நல்லாத்தான இருக்கு. சொல்லணுமா?"

"விரல் மூணு இல்ல. எண்ணத் தெரியாதா அவனுக்கு?"

மோகனா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தோட்டத்துக்கு வரும் வழியில், பெடாஸ் சிக்னலில், ஹெல்மெட்டுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். முகத்தைப் பார்க்காமல் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று பிறகு விளக்கினாள். அங்கிருந்து தோட்டம்வரை அவன் வண்டியை முறுக்கிக்கொண்டே வந்தானாம்.

வெயிலில் கறுத்து, ஒல்லியாக இருந்தான் ரகுநாத். இருபத்தைந்து வயது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்ப் பெட்டிமுன் குந்தினான்.

"லியோ," என்றான்.

தொரைக்கு லியோ என்று ஒரு பேர் இருந்தது அப்போதுதான் பஞ்சாலைக்குத் தெரியும். அவர் டப்பாவிலிருந்து தலையை நீட்டினார். ரகுநாத் கையை நீட்டினான். அவர் கொஞ்சம் யோசித்து, மூன்று விரல் இல்லாத காலை முதலில் வைத்து, உள்ளங்கையில் ஏறினார். அவன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்கூல் முடிச்ச வருஷம் வாங்குனது ஆண்ட்டி. ஏழு வருஷம்." பெருவிரலால் அவர் முதுகைத் தடவினான். "இங்கிலீஷ்ல எழுதி வச்சிட்டு போனேன். எழுதுனா போதும்னு நெனச்சேன். என் தப்புதான்."

"அவ தப்பும்தான்," என்றாள் பஞ்சாலை. மோகனா சுவரைப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் திரெங்கானு பக்கம் கூப்புடுறாங்க," என்றான் அவன். "ரெண்டு மாசம்."

அர்ச்சுனன் தொண்டையைச் செருமினார்.

"அப்ப இங்கயே வுட்டுட்டு போயேன்லா. தொரைக்கு இங்க என்னா கொற?"

ரகுநாத் பஞ்சாலையைப் பார்த்தான். கேட்டால் கொடுத்துவிடுவான் என்று முகத்தில் தெரிந்தது. கொடுத்தால் தாங்கமாட்டான் என்பதும் தெரிந்தது. பஞ்சாலைக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நாற்றுப் பண்ணையில் எந்தக் கன்றும் அவளோடு தங்கியதில்லை. தேறிய கன்றை லாரியில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றும்போது அது நடப்போகும் இடத்தில் குழி சரியாக வெட்டியிருக்கிறதா என்று மட்டும் கேட்கலாம்.

"ஒன்னோடது, நீ எடுத்துட்டு போ," என்றாள். "ஆனா ஒரு கண்டிஷன். நீ இல்லாதப்ப பாத்துக்கப் போறது மோகனா. அவ இத கையில புடிக்கணும். இப்ப. என் கண்ணு முன்னால. இல்லாட்டி இந்தப் பெட்டி வாசப்படி தாண்டாது."

"அக்கா."

"செங்கல் வச்ச கைதான. நீட்டு."

மோகனா அர்ச்சுனனைப் பார்த்தாள். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"நான் என்னா சொல்றது? என் பேச்ச இவ எப்ப கேட்டா?"

மோகனா கையை நீட்டினாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஊசி போட வந்த பிள்ளைமாதிரி. ரகுநாத் தன் கையைப் பக்கத்தில் வைத்தான். தொரை நாக்கை நீட்டி அவள் விரலைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கால் வைத்தார். நாலு காலும் வைத்தார். நாற்பத்தெட்டு கிராம், அன்று காலைதான் நிறுத்தது.

"கனமா இருக்கு," என்றாள் மோகனா கண்ணைத் திறக்காமலே. "சூடா இருக்கு. அக்கா, இதுக்கு நெஞ்சு அடிக்குது."

"உயிரோட இருந்தா அடிக்கும்."

மோகனா ஒரு கண்ணைத் திறந்தாள். தொரை அவளைப் பார்த்து இமைத்தார். அவள் இரண்டாவது கண்ணையும் திறந்து, வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கைவழியாக நடக்க ஆரம்பித்தார். முழங்கை. மேல் கை. கடைசியாக ஒரு எட்டு எம்பி, மோகனாவின் தோளில் ஏறி, அங்கே வசதியாகப் படுத்துக்கொண்டார்.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். மோகனா மூச்சுவிடவில்லை. அர்ச்சுனன் காலண்டரை நோக்கிப் பாய்ந்தார்.

"தோளு, தோளு. இந்தா இருக்கு. எந்த தோளு? வலதா, எடதா?"

"எந்தப் பக்கம்க்கா?" என்றாள் மோகனா உதடு அசையாமல். "எனக்கு வலது எடது மறந்துபோச்சு."

"காலண்டர கீழ வைங்க," என்றாள் பஞ்சாலை. சிள்வண்டுக் கூடையை எடுத்து, வெள்ளைப் பொடி டப்பாவைத் திறந்து, இரண்டையும் தங்கையின் முன்னால் நகர்த்தினாள். "அது சாப்புடுற நேரம். அப்படியே அசையாம நில்லு. எப்படி குடுக்கணும்னு சொல்றேன், நீயே குடு."